ஈயக் குண்டும் கொழுப்புத் தோட்டாவும்: செஞ்சி முதல் மீரட் வரை

1857-ஆம் ஆண்டின் பெரும் எழுச்சியைப் பற்றி நாம் அனைவரும் பள்ளிப் பாடநூலில் படித்திருக்கிறோம். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைப் பல்லால் கடித்துத் திறக்குமாறு சிப்பாய்கள் பணிக்கப்பட்டனர். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேர வெகுண்டெழுந்தனர் என்பது அப்பாடத்தின் சாரம். ஆனால் அப்பாடம் ஒரு வினாவைக் கேட்காமலேயே கடந்துவிடுகிறது. துப்பாக்கித் தோட்டாவிற்குக் கொழுப்பு எதற்கு? அதற்கு முன் நூறாண்டுக் காலம் இதே சிப்பாய்கள் தோட்டாவைக் கடித்தே சுட்டு வந்தனர். அப்போது எழாத சிக்கல் 1857-இல் எழுந்தது ஏன்?

விடை ஈயம் என்னும் உலோகத்தின் இயல்பிலும், துப்பாக்கிக் குழலின் உட்புறத்திலும் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், அன்றைய முஸ்லிம் சிப்பாயின் மறுப்பு அறியாமையிலிருந்து பிறந்ததன்று என்பதும், மார்க்கச் சட்டத்தின் மிக நுட்பமான ஓர் எல்லைக்கோட்டில் அவர் நின்றிருந்தார் என்பதும் விளங்கும். அந்த வரலாற்றை நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம்.

நம் மண்ணில் பறந்த ஈயக் குண்டுகள்

இன்று திண்டிவனத்திலிருந்து மேற்கே செல்லும் சாலையில் சுமார் 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் இதுவும் ஒன்று. கோட்டையின் உள்ளே ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் இருக்கிறது, 1717-18-இல் எழுப்பப்பட்டது. திண்டிவனத்திற்குக் கிழக்கே பெருமுக்கல் மலை. வடக்கே வந்தவாசி. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் நடுவே விக்கிரவாண்டி. நாம் பேருந்திலும் இரயிலிலும் கடந்து செல்லும் இவ்வூர்கள் யாவும் 18-ஆம் நூற்றாண்டில் போர்க்களங்களாக இருந்தவை.

1750 செப்டம்பரில் ஓர் இரவில் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். 1752-இல் செஞ்சியை மீட்கச் சென்ற ஆங்கிலப் படை விக்கிரவாண்டியில் தோற்றுத் திரும்பியது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அவ்வாண்டே பெருமுக்கல் மலையைத் தாக்கியபோது கூட் முழங்காலில் காயமுற்றார். 1761 ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1782-இல் ஹைதர் அலியின் படையும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து பெருமுக்கல்லை மீண்டும் கைப்பற்றின.

இப்போர்களில் ஐரோப்பியர் மட்டும் நிற்கவில்லை. இரு தரப்பிலும் இந்நாட்டுச் சிப்பாய்கள் பெருந்தொகையாக நின்றனர். அவர்களில் முஸ்லிம்கள் கணிசமானவர்கள். கும்பினிப் படையின் புகழ்பெற்ற சுதேசித் தளபதியும் முகம்மது யூசுப் கான் என்னும் முஸ்லிமே. மருதநாயகம் என்று தமிழகம் நினைவுகூர்வது இவரைத்தான்.

இவர்கள் கையிலிருந்த துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. ஆங்கிலப் படையின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். அதில் இட்ட ஈயக் குண்டின் விட்டமோ சுமார் 17.5 மில்லிமீட்டர். ஆகவே குண்டு குழலுக்குள் தளர்வாகவே இறங்கும். ஒரு காகிதச் சுருளில் மருந்தும் குண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும், அதுவே தோட்டா. சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பார். மருந்தைக் குழலில் கொட்டுவார். குண்டையும் காகிதத்தையும் இரும்புக் கோலால் இடித்து இறக்குவார். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தோட்டா என்றிருக்கையில் பல்லே மூன்றாவது கை.

குண்டு தளர்வாக இருந்ததால் அதற்கு மசகு எதுவும் தேவைப்படவில்லை. சிப்பாயின் வாயில் பட்டது உலர்ந்த காகிதமும் சிறிது வெடிமருந்தும் மட்டுமே. வெடியுப்பின் கரிப்பு நாவில் தங்கியிருக்கும், தாகம் எடுக்கும். ஆனால் ஈமானுக்கு அதில் இடையூறு இல்லை. செஞ்சியிலும் வந்தவாசியிலும் நின்ற சிப்பாய்கள் தயங்காமல் தோட்டாவைக் கடித்ததற்குக் காரணம் இதுவே.

வேலூர் கற்பித்த பாடம்

நம் வட்டாரத்திற்கு வடமேற்கே இருக்கிறது வேலூர். 1857-க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, சிப்பாயின் உடலில் எது படலாம், எது படக்கூடாது என்னும் வினாவை ஆங்கிலேயருக்கு முன் வைத்த ஊர் அது.

1806-இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தினார். நெற்றியில் சமயக் குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியைக் களைய வேண்டும், மீசையை ஒரே சீராகத் திருத்த வேண்டும், தோலால் ஆன குஞ்சம் பொருத்திய புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். அந்தத் தோல் பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்ற ஐயம் பரவிற்று. அணிய மறுத்தவர்களில் ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் கிளர்ச்சி மூண்டது. ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பி கோட்டையை மீட்டபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பின்னர் அந்த விதிகள் கைவிடப்பட்டன. தளபதி கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

கிளர்ச்சிக்குப் பிற காரணங்களும் இருந்தன. திப்பு சுல்தானின் மைந்தர்கள் அக்கோட்டையிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். ஆயினும் பொறி விழுந்த இடம் ஒரு துண்டுத் தோல். அது எந்த விலங்கின் தோல் என்று ஐயமுற்றவர்களுக்குக் கிடைத்த முதல் மறுமொழி கசையடி.

ஈயத்தின் இயல்பு

இனி, கொழுப்பு தோட்டாவிற்குள் வந்த கதைக்கு வருவோம்.

வழவழப்பான குழலிலிருந்து தளர்வாகப் பறக்கும் குண்டு நூறு கெஜத்திற்கு அப்பால் எங்கே செல்லும் என்று யாராலும் கூற இயலாது. குழலின் உட்சுவரில் திருகாணிப் புரி போன்ற வரிகளை வெட்டி, குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறுமாறு செய்தால் அது பல நூறு கெஜம் குறி தவறாமல் செல்லும். அதுவே ‘ரைஃபிள்’. ஆனால் குண்டு வரிகளைப் பற்ற வேண்டுமானால் குழலில் இறுகப் பொருந்த வேண்டும். இறுகப் பொருந்தும் குண்டை வாய்ப்புறத்திலிருந்து இடித்து இறக்குவதோ பெரும்பாடு. 1840-களில் பிரெஞ்சு அதிகாரி மினியே இதற்கு ஒரு வழி கண்டார். குண்டின் அடிப்புறத்தைக் குடைந்துவிட்டால், அது எளிதாக உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் அடிப்புறம் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். இங்கிலாந்தின் 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைஃபிள் இம்முறையிலேயே அமைந்தது. அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம்.

இங்குதான் ஈயத்தின் இயல்பு குறுக்கிட்டது. ஈயம் மென்மையானது, நகத்தால் கீறினாலே தடம் பதியும். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெடிமருந்து எரியும் வெப்பமோ அதனைவிடப் பன்மடங்கு. குண்டிற்கும் குழலுக்கும் இடையே இம்மியளவு இடைவெளி இருந்தாலும் சுடுவாயு அதன் வழியே பீறிட்டு ஈயத்தை அரித்து உருக்கும். உருகிய ஈயம் குழலின் சுவரில் ஈயப் பூச்சுப் போலப் படியும். இடைவெளியே இல்லாவிட்டாலும் வரிகளில் உரசும்போது ஈயம் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் மருந்தின் கரியும் சேரும். சில பத்துக் குண்டுகள் சுட்டதும் வரிகள் தூர்ந்துபோகும், குறி தவறும், அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். போர்க்களத்தில் குண்டு இறங்காத துப்பாக்கி வெறும் தடிதான்.

இதைத் தடுக்கும் வழிகளை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். குண்டின் அளவு குழலின் அளவோடு பொருந்த வேண்டும். ஈயம் நேரே இரும்பில் படாதவாறு குண்டைக் காகிதத்தால் சுற்ற வேண்டும். உரசலைக் குறைக்கவும் கரியை இளக்கவும் மசகு தடவ வேண்டும். என்ஃபீல்டு தோட்டாவில் குண்டு காகிதத்தின் உள்ளேயே இருந்தது; அந்தக் காகிதத்தின் வெளிப்புறம் மசகில் தோய்க்கப்பட்டிருந்தது. மசகிட்ட காகிதத்தோடு குண்டு குழலுக்குள் இறங்கும்.

மசகு தேவை என்பதில் ஐயமில்லை. அது கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இங்கிலாந்தில் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தது விலங்குக் கொழுப்பு. ஆகவே கொழுப்பு மிகுதியாகவும் தேன்மெழுகு சிறிதளவாகவும் கலந்தனர். இங்கிலாந்துச் சிப்பாய்க்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. அந்தத் தோட்டா அப்படியே இந்தியாவுக்குக் கப்பலேறியது.

மார்க்கம் வகுத்த எல்லை

தாமாகச் செத்தது, ஓடும் இரத்தம், பன்றியின் இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரால் அறுக்கப்பட்டது ஆகியவற்றை உண்பதைத் திருக்குர்ஆன் தடை செய்திருப்பதை நாம் அறிவோம். அப்படியாயின் உண்ணாமல் வேறு வேலைக்குக் கொழுப்பைப் பயன்படுத்தலாமா?

இவ்வினா நபி (ஸல்) அவர்களிடமே கேட்கப்பட்டது. மக்கா வெற்றியின் ஆண்டில், மது, செத்த பிராணி, பன்றி, சிலைகள் ஆகியவற்றின் விற்பனை தடை செய்யப்பட்டிருப்பதை அவர்கள் அறிவித்தார்கள். அப்போது, செத்த பிராணியின் கொழுப்பைப் படகுகளுக்குப் பூசுகிறார்களே, தோலுக்குத் தடவுகிறார்களே, விளக்கெரிக்கிறார்களே, அதன் நிலை என்ன என்று வினவப்பட்டது. கூடாது, அது ஹராம் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

இதிலுள்ள ‘அது’ என்னும் சொல் எதைக் குறிக்கிறது என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். எவ்வகைப் பயன்பாடும் கூடாது என்றனர் பெரும்பாலோர். அச்சொல் விற்பனையையே குறிக்கிறது. உண்ணாமலும் மனித உடலில் படாமலும் படகிற்குப் பூசுதல், விளக்கெரித்தல் போன்றவற்றிற்குப் பயன்படுத்தலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) தமது முஸ்லிம் விரிவுரையில் எழுதுகிறார். பன்றியைப் பொறுத்தவரை நிலை இன்னும் கடுமையானது.

இந்த அளவுகோலைத் தோட்டாவின் அருகே வைத்துப் பார்ப்போம். இரும்புக் குழலுக்குக் கொழுப்புப் பூசுவதா என்பதில் ஆய்வுக்கும் கருத்து வேறுபாட்டிற்கும் இடமுண்டு. ஆனால் அதே கொழுப்பு விரலில் படிந்து, பல்லில் பட்டு, உமிழ்நீரோடு தொண்டைக்குள் இறங்கும் என்றால் மிக விரிவான கருத்துடைய மத்ஹபும் அதற்கு வாசல் திறக்கவில்லை. உண்பதும் உடலில் படுவதும் கூடாது என்பதே அந்த விரிவான கருத்தின் எல்லை. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் மட்டுமே விலக்கு. பயிற்சித் திடலில் தோட்டா கடிப்பது அத்தகைய நிர்ப்பந்தம் ஆகாது. செஞ்சியின் உலர்ந்த காகிதத்திற்கும் என்ஃபீல்டின் மசகிட்ட காகிதத்திற்கும் இடையே இருந்தது இந்த வேறுபாடுதான்.

எச்சரித்தவரும் கேளாதவரும்

அதிகாரிகளுள் இதை உணர்ந்தவர் ஒருவரும் இல்லை என்று கூற இயலாது. இந்தியத் தட்பவெப்பத்தில் மசகு எவ்வாறு தாங்குகிறது என்று அறிவதற்காக 1853-இல் இத்தோட்டாக்கள் சோதனைக்கு அனுப்பப்பட்டன. அப்போதே கர்னல் டக்கர் என்னும் அதிகாரி, இந்த மசகு சிப்பாய்களின் சமயத்திற்கு முரணானது அன்று என்று உறுதியாகாதவரை அவர்களுக்கு இதை வழங்கலாகாது என்று எழுத்தில் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை கோப்புகளுக்குள் புதைந்தது. சிப்பாய்கள் பைகளில் சுமந்து திரிந்த அத்தோட்டாக்கள், மசகு உருகுகிறதா என்று ஆராயப்பட்டன. அது எதனால் ஆனது என்று சுமந்தவர்களிடம் எவரும் சொல்லவில்லை.

1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையிலிருந்து செய்தி பரவிற்று. தோட்டாக்களை அங்கேயே செய்யத் தொடங்கியிருந்தனர். மசகிற்கான கொழுப்பைக் குத்தகைக்காரர் தந்தார். எந்த விலங்கின் கொழுப்பு என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இல்லை. எழுச்சியில் இளம் அதிகாரியாகப் போரிட்டுப் பின்னாளில் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், 1897-இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில், மசகில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இருந்தமை அரசு ஆவணங்களால் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். சிப்பாய்களின் அச்சம் வெறும் வதந்தியன்று.

ஜனவரி இறுதியிலேயே அரசு இறங்கி வந்தது. தோட்டாக்கள் மசகின்றி வழங்கப்படும். சிப்பாய்கள் கடைத்தெருவில் மெழுகும் நெய்யும் எண்ணெயும் வாங்கித் தாமே தடவிக்கொள்ளலாம் என்று ஆணை பிறந்தது. பின்னர், கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றும் விதி மாற்றப்பட்டது. தீர்வு என்ற வகையில் இரண்டும் நியாயமானவையே. 1853-இல் வந்திருந்தால் சிக்கல் முளையிலேயே நீங்கியிருக்கும். 1857-இல் காலம் கடந்துவிட்டது. மசகு நீக்கப்பட்டதும் ஐயம் காகிதத்தின் மீது தாவியது. காகிதம் பளபளக்கிறதே, அதிலும் கொழுப்பு இருக்குமோ என்றனர்.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படை வீரர்கள் 90 பேரிடம் தோட்டா நீட்டப்பட்டது. அவை பழைய வகைத் தோட்டாக்கள்; கடிக்கவும் தேவையில்லை. ஆயினும் 85 பேர் தொட மறுத்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். மே 9 அன்று அனைவர் முன்னிலையிலும் அவர்கள் கால்களில் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் பற்றி எரிந்தது.

அன்று மீரட்டில் நீட்டப்பட்ட தோட்டாவில் பன்றிக் கொழுப்பு இல்லை. அதை நம்புவதற்குச் சிப்பாயிடம் காரணமும் இல்லை. ஒருமுறை மறைத்தவர் மறுமுறை மெய் உரைத்தாலும் அது செவியில் ஏறுவதில்லை.

மெழுகே மேலென்று தேர்ந்தது

இவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது அதன் பிற்பகுதி. எழுச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலப் படையினர் அதே என்ஃபீல்டு துப்பாக்கியோடு இந்திய வெயிலில் போரிட்டனர். கொழுப்பு வெப்பத்தில் உருகி வடிந்தது. எஞ்சியது நாட்பட்டுக் கெட்டு ஈயத்தையே அரித்தது. மசகு போன குண்டுகள் குழலில் இறங்க மறுத்தன. எனவே அடுத்த சில ஆண்டுகளில் குண்டின் விட்டத்தை 0.568 அங்குலத்திலிருந்து 0.55 அங்குலமாகக் குறைத்தனர். கொழுப்பை விலக்கித் தூய தேன்மெழுகை மசகாக ஏற்றனர். தேன்மெழுகு வெயிலில் எளிதில் உருகாது, ஈயத்தை அரிக்காது, நெடுநாள் கெடாது. ஈயக் குண்டு வார்க்கும் மேலைநாட்டினர் இன்றும் தம் மசகுக் கலவைகளில் தேன்மெழுகைச் சேர்ப்பதுண்டு.

முஸ்லிமும் இந்துவும் மறுப்பின்றி ஏற்றிருக்கக்கூடிய பொருளே தொழில்நுட்பத்திலும் சிறந்தது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. தேன்மெழுகு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. முதல் தோட்டாவிலேயே அது சிறு பங்காக இருந்தது. அதைக் கடிக்கப் போகிறவரிடம் முன்கூட்டியே ஒரு சொல் கேட்டிருந்தால் அதுவே முழுப் பங்காகியிருக்கும். எழுச்சிக்கு நாடு பறிப்பு, வரிச்சுமை, இழிவு எனப் பல காரணங்கள் இருந்தன. மசகு மாறியிருந்தால் எழுச்சியே இராது என்று நாம் கூறவில்லை. ஆனால் மீரட்டின் 85 பேர் காலில் விலங்கு ஏறியிராது.

நம் வீட்டு வாசலில்

இன்று நம்மில் எவரும் தோட்டா கடிப்பதில்லை. ஆனால் மாத்திரை உறையின் ஜெலட்டின் எந்த விலங்கின் எலும்பிலிருந்து வந்தது, பிஸ்கட்டில் சேர்ந்த கொழுப்பு எது, உதட்டுச் சாயத்தில் கலந்தது என்ன என்னும் வினாக்கள் நம் அன்றாட வாழ்வில் எழவே செய்கின்றன. கேட்பவரைக் கடைக்காரர் ஏளனமாகப் பார்ப்பதும் உண்டு. கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. உண்பதும், உடலில் படுவதும், புறப்பொருளுக்குப் பூசுவதும் மார்க்கத்தில் வெவ்வேறு நிலைகள் என்பதை அறிந்து, ஐயமுற்ற இடத்தில் ஆலிம்களிடம் விளக்கம் பெற்று, அமைதியாகவும் தெளிவாகவும் கேட்போம். அறியாமல் அனைத்தையும் ஹராம் என்பதும் பிழை. அறிந்தும் கண்ணை மூடிக்கொள்வதும் பிழை.

இதற்கு மறுபுறமும் உண்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உணவகமும் பேக்கரியும் நடத்தும் நம் சகோதரர்கள் பலர். இறைச்சி உண்ணாத அண்டை வீட்டார் நம் கடைக்கு வந்து, இது எந்த எண்ணெயில் பொரித்தது, இந்தக் கரண்டி கறிச் சட்டியில் பட்டதா என்று வினவும்போது, அன்று சிப்பாய் நின்ற இடத்தில் அவர் நிற்கிறார். அதிகாரி அமர்ந்திருந்த இடத்தில் நாம் இருக்கிறோம். சலிப்படையாமல் உள்ளதை உள்ளபடி உரைப்பது நம் கடமை. நமக்கு ஹலால் என்பதால் அவருக்கும் மறுப்பிராது என்று நாமே முடிவு செய்துவிடுவது, இங்கிலாந்துச் சிப்பாய்க்கு ஆகும் கொழுப்பு இந்தியச் சிப்பாய்க்கும் ஆகும் என்று எண்ணியதற்கு ஒப்பாகும்.

உண்பதில் தூய்மையையும், உரைப்பதில் வாய்மையையும், பிறர் உணர்வை மதிக்கும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.